74 சதவீதம் எறிந்தவர் ஏன் 144-ஆவது ஆளாகப் போனார்? அமெரிக்கக் கால்பந்தில் வீரரை எடைபோடும் முறை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல். 2025 ஏப்ரலில் நடந்த அதன் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் நிகழ்வில், கொலராடோ பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் (பாஸ் எறிபவர்) ஷெடூர் சாண்டர்ஸின் பெயர் முதல் நாளும் வாசிக்கப்படவில்லை, இரண்டாம் நாளும் வாசிக்கப்படவில்லை. மூன்றாம் நாள் ஐந்தாம் சுற்றில், 144-ஆவது ஆளாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை எடுத்தது. அதற்குள் ஐந்து குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரை எடுத்ததும் இதே பிரவுன்ஸ்தான். முந்தைய சீசனில் சாண்டர்ஸ் எறிந்த பாஸ்களில் 74 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தன, 37 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது). முதல் சுற்று ஆள் என்று பல மாதமாகப் பேசப்பட்டவர் அவர்.

இதைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. புள்ளிவிவரம் களத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. அணிக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுக்கு வேண்டியது வேறு: நடந்ததில் இந்த ஒரு ஆளின் பங்கு எவ்வளவு, அந்தப் பங்கு அடுத்த மட்டத்திலும் எடுபடுமா. 22 பேர் ஒரே நேரத்தில் நகரும் ஆட்டத்தில் ஒருவரின் பங்கைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலையின் முழுக் கஷ்டமும். பிரித்தெடுக்கும் வழி இடத்துக்கு இடம் மாறும்.

ஆட்டத்தின் அடிப்படை, தேவையான அளவுக்கு

ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நடுவில் இருக்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது ஸ்னாப். அந்த நொடியில்தான் எல்லாம் தொடங்கும்.

தாக்கும் பக்கத்தில் சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள் என ஐந்து லைன்மேன். அவர்களுக்குப் பின்னால் குவாட்டர்பேக். மீதி ஐந்து இடத்தைப் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட், பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். தடுக்கும் பக்கத்தில் முன்வரிசை, அதன் பின்னால் லைன்பேக்கர்கள், கடைசியில் ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளும் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகளும்.

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றில் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம்.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் போகும். ஸ்னாப் ஆன மறுநொடி ரிசீவர்களும் கார்னர்பேக்குகளும் திரையை விட்டே போய்விடுவார்கள். அதனால் ஸ்கவுட்டுகள் பார்ப்பது 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம். கூடவே களத்தின் முனையிலுள்ள எண்ட்சோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த இன்னொரு கோணம். லைன்மேனின் கை எங்கே விழுகிறது, குவாட்டர்பேக் எந்தப் பக்கம் முகம் திருப்புகிறார் என்பதெல்லாம் இரண்டாவது கோணத்தில்தான் தெரியும்.

பார்க்கும் வரிசை இது:

1. ஒரு வீரரின் சட்டை எண்ணைத் தேர்ந்தெடுத்து, பந்தை மறந்துவிட வேண்டும். பந்து எங்கே போனது என்பது கடைசிக் கேள்வி.
2. படத்தை முதல் முறை ஓட்டும்போது ஸ்னாப்புக்கு முந்தைய நிலை: எங்கே நிற்கிறார், எடை எந்தக் காலில், டவுன் எத்தனை, எத்தனை யார்டு தேவை.
3. இரண்டாவது முறை கால்கள் மட்டும்.
4. மூன்றாவதில் கைகளும் கண்களும்.
5. அதற்கப்புறம்தான் விளைவு.

ஒரு வீரருக்குக் குறைந்தது மூன்று முழு ஆட்டம் வேண்டும்: சந்தித்ததிலேயே பலமான எதிரணியோடு ஒன்று, அவருக்கே மோசமாகப் போன ஒன்று, உடம்பு களைத்த சீசன் கடைசியில் ஒன்று. சிறந்த தருணங்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளிகள் ரசிகனுக்குச் சரி. அவற்றில் ஒரு வீரர் தோற்ற ஆட்டமே இருக்காது; தோற்றபோது என்ன செய்தார் என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்?

கல்லூரி விதி வேறு, என்எஃப்எல் விதி வேறு

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். திரையில் இரண்டும் ஒரே ஆட்டம்போல இருக்கும், ஆனால் விதிகள் திறமையின் மதிப்பையே மாற்றுகின்றன.

களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. ஸ்னாப்புக்குப் பந்து வைக்கப்படும் உள்கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு கோட்டின் மேல் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. எப்போதும் குறுகிய பக்கத்தில் ஆடும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே கூடுதல் தடுப்பாளி. என்எஃப்எல்லில் அந்தச் சலுகை சுருங்கிவிடும். இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், அகலமான பக்கத்தின் ஓரத்துக்குக் குவாட்டர்பேக் வேகம் குறையாமல் எறிந்த பாஸ் ஒவ்வொன்றும் தனியாகக் குறித்து வைக்க வேண்டியது.

இன்னும் சில:

- கல்லூரியில் பந்து காற்றில் ஏறும் வரை தடுப்பாளி ரிசீவரைத் தள்ளலாம். என்எஃப்எல்லில் 5 யார்டுக்கு அப்பால் கை வைத்தால் தவறு.
- பாஸைத் தடுக்கும்போது செய்யும் குறுக்கீட்டுக்குக் கல்லூரியில் அதிகபட்சத் தண்டனை 15 யார்டு. என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். 40 யார்டு தள்ளி நடந்திருந்தால் 40 யார்டும் போச்சு.
- பந்தைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் களத்துக்குள் இருந்தால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் வேண்டும்.
- பாஸ் எறியும்போது லைன்மேன் கல்லூரியில் 3 யார்டு முன்னே போயிருக்கலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டங்கள் கல்லூரியில் அத்தனை சுலபமாக வெற்றி பெறுவதற்கு இது ஒரு காரணம்.

அளவுகள் எதற்கு, எதற்கு இல்லை

1987 முதல் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம் நடக்கிறது. அளவெடுப்பு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல், ஓட்டம், தாண்டுதல் எல்லாம் அங்கே. அணிகளுக்கு மிக முக்கியம் மருத்துவப் பரிசோதனை. வெளியில் பேசப்படுவதோ 40 யார்டு ஓட்டம்.

உயரத்தை ஸ்கவுட்டுகள் நான்கு இலக்கத்தில் எழுதுவார்கள். 6025 என்றால் 6 அடி, 02 அங்குலம், அதன் மேல் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. இந்தத் துல்லியம் எதற்கு என்று தோன்றலாம். கல்லூரிகள் அச்சிடும் வீரர் பட்டியலில் உயரம் தாராளமாக ஏறியிருக்கும். அதை நம்பி அறிக்கை எழுதியவர் ஏமாறுவார்.

ஒவ்வோர் அளவும் ஒரு வேலையோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். டேக்கிள் 40 யார்டு நேராக ஓட வேண்டிய சந்தர்ப்பம் அரிது. அவருக்கு முதல் 10 யார்டின் நேரம் போதும். ரிசீவருக்கும் கார்னர்பேக்குக்கும் முழு 40-ம் வேண்டும். மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனை எட்ஜ் ரஷருக்கும் (முன்வரிசையின் ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்) ஸ்லாட் ரிசீவருக்கும் (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் இடையில் நிற்பவர்) பயன்படும். 225 பவுண்டை எத்தனை முறை தூக்குகிறார் என்ற பெஞ்ச் பிரஸ் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கை நீளமானவர் ஒவ்வொரு முறையும் எடையை அதிக தூரம் தள்ள வேண்டும். அவருடைய எண்ணிக்கை குறையும். அதே நீளக் கைதான் களத்தில் அவருக்கு வரம்.

2008-இல் எட்ஜ் ரஷர் வெர்னன் கோல்ஸ்டன் அந்த எடையை 37 முறை தூக்கினார். நியூயார்க் ஜெட்ஸ் அவரை 6-ஆவது ஆளாக எடுத்தது. மூன்று சீசனில் ஒரு சாக் (பாஸ் எறியும் முன்பே குவாட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவது) கூட இல்லை. 2018-இல் டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 14 முறைதான் தூக்கினார், 40 யார்டை 5.85 விநாடியில் ஓடினார், கேலிக்கு ஆளானார். 83-ஆவதாகப் போன அவர் பிறகு லீக்கின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு நான்கு முறை தேர்வானார்.

குவாட்டர்பேக்

என்எஃப்எல்லில் ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போக இரண்டரை முதல் இரண்டே முக்கால் விநாடி. அதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும்:

1. ஸ்னாப்புக்கு முன் சேஃப்டிகள் எத்தனை பேர், எவ்வளவு ஆழத்தில் என்று பார்ப்பது. லைனின் பாதுகாப்பைத் தேவைப்பட்டால் மாற்றிச் சொல்வது.
2. பின்வாங்கும் அடிகள் ரிசீவரின் ஓட்டத்தோடு ஒத்துப்போவது. ஐந்து காலடி பின்வாங்கி, கடைசிக் கால் ஊன்றும்போது ரிசீவர் திரும்பத் தயாராக இருக்க வேண்டும்.
3. முதல் ரிசீவர் அடைபட்டால் இரண்டாமவர், பிறகு மூன்றாமவர் என்று கண் நகர்வது. கண்ணோடு காலும் திரும்புகிறதா பாருங்கள். கால் திரும்பாமல் எறிந்தால் பந்து உயரப் போகும்.
4. ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போவது. அவர் தனியாக நிற்பதைப் பார்த்த பிறகு எறிவது கல்லூரியில் பலிக்கும். என்எஃப்எல் கார்னர்பேக் அந்த இடைவெளியை மூடிவிடுவார்.
5. நெருக்கடியில் என்ன செய்கிறார். ஒரு காலடி முன்னேறி நெருக்கடியைத் தாண்டவிடுகிறாரா, பின்னோக்கி ஓடுகிறாரா?

சதவீதத்தை நம்பக் கூடாததற்குக் காரணம் எளிது. லைனுக்குப் பின்னாலேயே கொடுக்கும் குட்டி பாஸ் ஒன்றை வாங்கி ரிசீவர் 60 யார்டு ஓடினாலும், எறிந்தவர் கணக்கில் ஒரு வெற்றிகரமான பாஸ், 60 யார்டு, ஒரு டச்டவுன். அதனால் அப்படிப்பட்ட பாஸ்களை ஒதுக்கிவிட்டு, மூன்றாவது டவுனில் 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்டபோது எறிந்தவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். என்எஃப்எல்லின் கடினம் அந்த இடத்தில்தான் கல்லூரியிலேயே எட்டிப் பார்க்கும்.

சாண்டர்ஸுக்குத் திரும்புவோம். கொலராடோவில் இரண்டு சீசனில் அவர் 90 முறைக்கு மேல் சாக் ஆனார். லைன் பலவீனமானது என்பது உண்மை. ஆனால் படத்தில் திரும்பத் திரும்பத் தெரிவது, நெருக்கடி வந்ததும் அவர் பின்னோக்கி நழுவுவது. டேக்கிள் தன் தடுப்புக் கோணத்தைக் குவாட்டர்பேக் ஏழெட்டு யார்டு ஆழத்தில் இருப்பார் என்று நம்பி அமைக்கிறார். அவர் 12 யார்டுக்குப் போய்விட்டால், ஒழுங்காகத் தடுக்கப்பட்ட ரஷரும் சுற்றி வந்து பிடித்துவிடுவார். துல்லியம், துணிவு, அடிவாங்கியும் எழும் குணம் எல்லாம் அவரிடம் உண்டு. நெருக்கடியில் நிற்கும் பழக்கமும் சாதாரண கைவேகமும்தான் கேள்விக்குறி. நேர்காணல்கள் எப்படிப் போயின என்பது பற்றிப் பலவிதமாகச் செய்தி வந்தது. அந்த அறைக்குள் இல்லாதவர் அதை எடைபோட முடியாது, படத்தை எடைபோடலாம். என் கணிப்பில் படம் மட்டும் சொல்வது இரண்டாம் சுற்று. ஐந்தாம் சுற்று வரை போனதற்குப் படத்துக்கு வெளியே காரணம் இருந்திருக்க வேண்டும்.

அணிகள் இந்த இடத்தில் தவறுவது புதிதல்ல. 40 யார்டை 5.28 விநாடியில் ஓடிய டாம் பிரேடி 2000-இல் 199-ஆவதாகப் போனார். பிராக் பர்டி 2022-இல் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். இரண்டாவது சீசனிலேயே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஆடினார். இரண்டு பேரிடமும் குறைந்திருந்தது அளவுநாடாவில் தெரிவது. மேலே சொன்ன 1, 3, 4 அல்ல.

டேக்கிளும் எட்ஜ் ரஷரும்: ஒரே சண்டையின் இரண்டு பக்கம்

இந்த இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பாஸ் ஆட்டத்தில் இடது டேக்கிளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஸ்னாப். வெளிக்கால் பின்னோக்கிச் சரிகிறது, உள்கால் அதைத் தொடர்கிறது. இரண்டு காலும் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, குதிகால் சேரவும் கூடாது. சேர்ந்த கணத்தில் ஒரு தள்ளு போதும், விழுந்துவிடுவார். வளைவு முழங்காலில் இருக்க வேண்டும். இடுப்பில் வளைந்து தலை முன்னால் போனால், ரஷர் கையைப் பிடித்து இழுத்து அப்படியே தாண்டுவார். கை முன்கூட்டிப் போனால் ரஷர் தட்டிவிடுவார். தாமதித்தால் ரஷரின் கை முதலில் நெஞ்சில் விழும். கை அகலமாகப் போய்த் தோள்பட்டைக்கு வெளியே பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு தண்டம். வெளிப்பக்கத்துக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரம் திருப்பிவிட்டால் உள்பக்கம் கதவு திறந்துவிடும். என்எஃப்எல் ரஷர் இரண்டாவது ஆட்டத்திலேயே அதைக் கண்டுபிடிப்பார்.

கை நீளம் 34 அங்குலம் என்பது டேக்கிளுக்குப் பழைய கணக்கு. 2025-இல் நியூ இங்கிலாந்து 4-ஆவதாக எடுத்த வில் கேம்ப்பெலின் கை கம்பைனில் 32 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும்தான். அளவு குறைந்தால் கால் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே பொருள்; ஆளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல.

இப்போது எதிர்ப்பக்கம். எட்ஜ் ரஷரிடம் பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: பந்து நகர்ந்ததும் எழும் வேகம், மூலையில் வளையும்போது, பைக் திருப்பத்தில் சாய்வதுபோல, வேகம் குறையாமல் கணுக்காலில் சாய முடிகிறதா, கைத்தந்திரம், முதல் தந்திரம் தோற்றால் அடுத்தது உண்டா. கடைசியது இல்லாதவர்கள் கல்லூரியில் மெதுவான டேக்கிள்களை வெறும் ஓட்டத்தால் ஜெயித்து எண்ணிக்கை சேர்ப்பார்கள். எனவே சாக் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்: யாரும் தடுக்கவே வராமல் கிடைத்தது, குவாட்டர்பேக் தானே ஓடி வந்து மாட்டியது, ரஷர் உண்மையில் ஜெயித்தது. ஆண்டுக்கு 12 சாக் எடுத்தவரிடம் மூன்றாம் வகை ஐந்துகூடத் தேறாமல் போகலாம்.

உள்வரிசைத் தடுப்பாளிகளிடம் தோள் உயரமே எல்லாம், தாழ்ந்தவர் ஜெயிப்பார். 6 அடி 1 அங்குலத்தில் குட்டையானவர் என்று சொல்லப்பட்ட ஆரன் டொனால்ட் 2014-இல் 13-ஆவதாகப் போய், மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

ரிசீவரும் கார்னர்பேக்கும்

2017 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜான் ராஸ் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனை படைத்தார். சின்சினாட்டி 9-ஆவதாக எடுத்தது. 4.62-இல் ஓடிய கூப்பர் கப் 69-ஆவது. 2021 சீசனில் பிடித்த பந்து, யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம் கப்புக்குத்தான். காயங்களும் ராஸைப் பின்னுக்கு இழுத்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் ரிசீவரின் தொழில் நேராக ஓடுவதில் இல்லை. முழு வேகத்திலிருந்து எத்தனை காலடியில் நின்று திரும்ப முடிகிறது என்பதில் இருக்கிறது. திரும்பப் போவதைத் தோளோ குட்டி அடிகளோ முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பந்தை நெஞ்சில் அணைக்காமல் உடம்பை விட்டுத் தள்ளிக் கையால் பிடிக்கிறாரா என்பது அடுத்தது. எதிரே யாரும் நெருங்காமல் ஆடிய ஆட்டங்களைத் தள்ளிவிட்டு, மேலே விழுந்து தடுக்கப்பட்ட ஆட்டங்களை மட்டும் தேடிப் பாருங்கள்.

கார்னர்பேக் எதிராளியின் கண்ணையும் தோளையும் பார்த்தால் ஏமாறுவார். இடுப்பு பொய் சொல்லாது. பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவர் முன்னோக்கித் திரும்பி ஓடும் அந்த ஒரு திருப்பத்தில் தேவையற்ற அடி ஒன்று வந்தாலும் ஒரு யார்டு போகும். பந்து வரும்போது தலையைத் திருப்பாமல் கையை நீட்டுபவர் கல்லூரியில் 15 யார்டோடு தப்பிப்பார். என்எஃப்எல் விதியில் ஆட்டத்தையே கொடுத்துவிடுவார். இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பறித்துப் பிடிப்பது) எண்ணிக்கை இங்கே மிகவும் ஏமாற்றும். நன்றாகத் தடுப்பவர் பக்கம் குவாட்டர்பேக் எறியவே மாட்டார். அவர் கணக்கில் ஒன்றும் இருக்காது.

மற்ற இடங்கள், சுருக்கமாக

- ரன்னிங் பேக்: லைன் திறந்துகொடுத்த யார்டைக் கழித்துவிட்டு, முதல் ஆள் மோதிய பிறகு எடுத்தவற்றை எண்ணுங்கள். பாஸ் ஆட்டத்தில் பாய்ந்துவரும் லைன்பேக்கரை யார் என்று கண்டு தடுக்கத் தெரியாதவர், எவ்வளவு வேகமானவரானாலும், மூன்றாவது டவுனில் வெளியே உட்காருவார்.
- டைட் எண்ட்: தடுக்கவும் பிடிக்கவும் வேண்டும். கல்லூரியில் பலர் பெரிய ரிசீவராகவே ஆடுவதால், லைனோடு கை ஊன்றி நின்ற ஆட்டங்களைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.
- லைன்பேக்கர்: ஸ்னாப்புக்குப் பின் முதல் இரண்டு காலடி. கார்டின் நகர்வைப் படித்துச் சரியான பக்கம் போகிறாரா, ஓட்டம்போல நடித்துக் காட்டினால் மாட்டுகிறாரா.
- சேஃப்டி: நேர்வேகத்தைவிடக் கோணம். கைல் ஹாமில்டன் 4.59-இல் ஓடியதால் வேகம் போதுமா என்ற பேச்சு எழுந்தது. 2022-இல் 14-ஆவதாகப் போன அவர் அடுத்த ஆண்டே ஆல்-புரோ, அதாவது அந்த இடத்தில் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவர்.
- உதைப்பவர்: கல்லூரியில் வாங்கிய பெயரை வைத்து முன்கூட்டி எடுப்பது ஆபத்து. 2016-இல் டாம்பா பே இரண்டாம் சுற்றில் 59-ஆவதாக எடுத்த ரோபர்ட்டோ அகுவாயோ, முதல் சீசனில் 31 ஃபீல்டு கோலில் (பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே போடுவது) 22-ஐத்தான் போட்டார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே வெளியேற்றப்பட்டார்.

அறிக்கையும் விலையும்

1960-களில் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்காக முதல் கணினி முறையை அமைத்தவர் இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி. ஸ்கவுட்டுகள் எழுதிய நூற்றுக்கணக்கான வர்ணனைகளை அவர் ஐந்தாகச் சுருக்கினார்: குணம், வேகமும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனம், கூர்மை, பலமும் வெடிப்பும். இன்றைய அறிக்கைகளிலும் இந்த ஐந்தின் சாயல் உண்டு. அதற்குக் கீழே இடத்துக்கேற்ற திறமைகள் வரும்.

நல்ல அறிக்கையில் "பலசாலி", "வேகமானவர்" என்ற சொற்கள் தனியாக வராது. "மூன்றாவது டவுனில் வெளிப்பக்கம் நான்கு முறை தோற்றார், நான்கிலும் குதிகால் சேர்ந்தது" என்று வரும். குறை பயிற்சியால் தீருமா, உடம்போடு பிறந்ததா என்பதையும் அது சொல்லும். கை விழும் இடத்தைத் திருத்தலாம். கணுக்கால் வளையாததைத் திருத்த முடியாது. தீரும் குறையுள்ளவரை ஒரு சுற்று மேலே வைப்பார்கள்.

மதிப்பெண் முடிந்த பிறகுதான் விலை. குவாட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர், கார்னர்பேக், ரிசீவர் ஆகியோருக்குச் சந்தையில் சம்பளம் அதிகம். அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து நிர்ணயமாகிறது. நான்கு ஆண்டு, முதல் சுற்று ஆளுக்கு அணி விரும்பினால் ஐந்தாவதும். ஆகவே அதே சம்பளத்துக்கு ஒரு நல்ல டேக்கிளை எடுத்தால் மிச்சமாகும் பணம், அதே தரத்துக் கார்டையோ ரன்னிங் பேக்கையோ எடுத்தால் மிச்சமாகாது. ஒரே மதிப்பெண் பெற்ற டேக்கிள் 10-ஆவதாகவும் கார்டு 35-ஆவதாகவும் போவது இதனால்தான். கார்டை யாரும் குறைத்து மதிப்பிட்டுவிடவில்லை.